வீட்டிலிருந்தே தேர்வாம்... எந்த வீட்டிலிருந்து?

போன பதிவு ஜிஎஸ்டி பற்றி. இந்த முறை கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு ஒரு விஷயம்.

எங்கள் பக்கத்தில் (வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி) வெளிநாடு என்றால் முன்பெல்லாம் வளைகுடா. மாமா துபாயில், சித்தப்பா தம்மாமில் என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார். இப்போது பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வாயில் ஜெர்மனி, இத்தாலி என்ற பெயர்கள் வருகின்றன. வேலைக்கு இல்லை, படிக்க. அதில் பல இடங்களுக்கு நுழைவுத்தேர்வு உண்டு. அந்தத் தேர்வை நம் வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம் என்கிறார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பஸ் செலவு இல்லை, லாட்ஜ் வாடகை இல்லை, துணைக்கு அப்பா லீவு போட வேண்டாம்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. வீட்டிலிருந்தே எழுதலாம், சரி. எந்த வீட்டிலிருந்து?

இத்தாலியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. தோல் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இத்தாலி அந்நிய நாடே இல்லை. டேனரியில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இத்தாலி மெஷின் பற்றிச் சொல்வார்கள். வடக்கு இத்தாலியில் அர்சின்யானோ, பீசா மாவட்டத்தில் சாந்தா க்ரோச்சே என்று அவர்களுக்கும் ஆம்பூர், பேரணாம்பட்டு மாதிரி தோல் ஊர்கள் உண்டு. அர்சின்யானோவுக்குப் பக்கத்து மாவட்டம்தான் பதோவா. அங்கே இருக்கிற பல்கலைக்கழகம் 1222ல் தொடங்கியது. பொலோனியா பல்கலைக்கழகம் அதற்கும் மூத்தது, 1088 என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு காரணம் பணம். இத்தாலியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து வட்டார உதவித்தொகை கொடுக்கிறார்கள். வருமானம் குறைவு என்று காகிதத்தோடு நிரூபித்தால் கட்டணத்திலும் சலுகை. அதாவது ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு அம்மாவின் மகளும் கனவு காணக்கூடிய இடம் அது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு அக்கறை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் போய்விடுவான். அவனைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

தேர்வு எப்படி இருக்கும்?

பீசா நகரத்தில் சிசியா என்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2010ல் அமைத்த ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அவர்கள் நடத்துவது டோல்க் தேர்வுகள். நம்ம காமர்ஸ் ஆட்களுக்கு உரியது டோல்க்-ஈ, பொருளாதாரம் வணிகம் படிக்க. இதற்கு ஆங்கில வடிவமும் உண்டு. அதில் மொத்தம் 36 கேள்விகள், 90 நிமிடங்கள். தர்க்கம் 13, படித்துப் புரிதல் 10, கணக்கு 13. ஒவ்வொரு பகுதிக்கும் 30 நிமிடம். ஒரு பகுதியை முடித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. மிச்சமான நேரமும் அடுத்த பகுதிக்கு வராது. சரியான விடைக்கு 1, தவறுக்கு கால் மதிப்பெண் கழிப்பு, விட்டுவிட்டால் பூஜ்ஜியம். மாதத்துக்கு ஒருமுறைதான் எழுதலாம். 2020ல் கொரோனா வந்தபோது இதையே வீட்டிலிருந்து எழுதும் வசதியைக் கொண்டு வந்தார்கள். (விதிகளை ஒவ்வொரு வருடமும் மாற்றுவார்கள், விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.)

நம் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, பழக்கம். தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவத்துக்கான மாநில நுழைவுத்தேர்வை 2007ல் எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்பது என் கருத்து, அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம். 2017ல் நீட் வந்தது, அது டாக்டர் ஆகிறவர்களுக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022ல் கியூட் வந்தது, அதை எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் குறைவு. ஆக, ஸ்டேட் போர்டில் காமர்ஸ் படித்த ஒரு பிள்ளை தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வு ஒன்றைக்கூட எழுதாமல் பிளஸ் டூ முடித்துவிடலாம். பப்ளிக் எக்ஸாமில் நமக்குச் சொல்லித் தந்ததே, தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, எதையும் காலியாக விடாதே என்பதுதானே?

இங்கே அது எடுபடாது. லாப நட்டக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கேள்விக்கு ஐந்து விடைகள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்கு டிக் அடித்தால் சராசரியாக ஒன்று சரி, நாலு தப்பு. ஒரு மதிப்பெண் வரவு, நாலு கால் ஒரு மதிப்பெண் செலவு. நிகரம் பூஜ்ஜியம். ஆனால் ஐந்தில் ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து அதைத் தள்ளிவிட்டால், மீதி நாலில் குத்துமதிப்பாக அடிப்பது கொஞ்சம் லாபம். இரண்டைத் தள்ளினால் இன்னும் லாபம். ஒன்றுமே தெரியாவிட்டால் விட்டுவிடு, ஒன்றையாவது தள்ள முடிந்தால் அடி. இதை யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கணக்கு. பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுக்கும்போது நாலாவது பாடமாக வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்குப் பிழைப்பு உண்டு. கணினிப் பயன்பாடு எடுத்தவர்கள் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு டாட்டா காட்டியவர்கள். மடக்கை, சார்பு, சமனிலி, நிகழ்தகவு எல்லாம் வரும் தேர்வுக்கு அவர்கள் ஆறு மாதமாவது முன்னாடியே தொடங்க வேண்டும். இதற்குக் கோச்சிங் சென்டர் வேண்டாம். ஸ்டேட் போர்டு பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகமே போதும், அரசே இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. கால்குலேட்டர் கிடையாது என்பதால் கையால் போட்டுப் பழகுங்கள்.

இதெல்லாம் உழைத்தால் வந்துவிடும். உழைத்தாலும் வராத பாடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அறை என்னும் பாடம்

வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளின் விதிகளைப் படித்துப் பாருங்கள். டோல்க் மட்டும் இல்லை, 2020ல் வந்த ஜிஆர்இ வீட்டுத் தேர்வு, டோஃபல் வீட்டுத் தேர்வு எல்லாவற்றிலும் சாரம் ஒன்றுதான். தனி அறை வேண்டும். கதவு வேண்டும், அதைச் சாத்தியிருக்க வேண்டும். தேர்வு முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. மேஜை, நாற்காலி வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து எழுத முடியாது. அறையைக் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். டோல்க் தேர்வுக்குக் கம்ப்யூட்டர் போதாது, உங்களையும் திரையையும் சேர்த்துக் காட்டும்படி இரண்டாவது கேமராவாக ஒரு போன் வேறு நிற்க வேண்டும். இரண்டுக்கும் நெட் அறுந்து போகாமல் ஓட வேண்டும்.

இப்போது எங்கள் ஊரில் ஒரு சாதாரண லைன் வீட்டுக்கு வாருங்கள். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல். முன் அறையில்தான் டிவி, பீரோ, கட்டில், தாத்தா. கதவு என்றால் அது தெருக்கதவு. மேஜை என்றால் தையல் மெஷின். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் நம் வீட்டில் கேட்கும். இந்த வீட்டில் ஒரு பெண் 90 நிமிடம் யாரும் குறுக்கே வராமல், சத்தமில்லாமல், நெட் போகாமல் உட்கார வேண்டும் என்றால் முதலில் ஒரு குடும்பமே வெளியே போய் நிற்க வேண்டும்.

கரண்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போனால் மதியம்தான் வரும். "இன்றைய மின்தடை" என்று பேப்பரில் போடுவார்களே, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் எங்களுக்குச் சிலபஸில் சேர்ந்தது. :-) லேப்டாப்பில் பேட்டரி இருக்கும். ரூட்டருக்கு?

நேரத்தையும் பாருங்கள். இத்தாலி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 9 மணித் தேர்வு நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரம். பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் பாங்கு கேட்கும், பிறகு பயான் கேட்கும், தெருவில் வண்டிகள் நிற்கும். அதில் தவறு எதுவுமில்லை, ஊர் என்றால் அப்படித்தான். ஆனால் எங்கோ உட்கார்ந்து கேமராவில் பார்க்கிறவருக்கு அது "வேறொருவர் குரல்". தேதி தேர்ந்தெடுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. சில தேர்வுகளில் காது தெரிய வேண்டும் என்று விதி இருக்கிறது, காதுக்குள் கருவி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க. முக்காடு போடும் பிள்ளைகள் என்ன செய்வது? ஒவ்வொரு தேர்வுக்கும் ஒவ்வொரு விதி. அதைத் தேர்வு நாளில் ஒரு அந்நியர் கேமரா வழியாகச் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒரு அந்நியருக்குச் சுற்றிக் காட்டுவதே பல அம்மாக்களுக்குப் பிடிக்காது. இது நம் ஊர்க் கூச்சம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மாணவர், தேர்வுக்கு முன் என் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னது தவறு என்று கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கே போட்டார். 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

அண்ணா பல்கலைக்கழகம் நினைவிருக்கிறதா?

வீட்டுத் தேர்வில் என்ன தவறாகப் போகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2020 நவம்பர்-டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய அண்ணா பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் தேர்வுகள் 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் நடந்தன. கண்காணிப்பு மென்பொருள் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தது. முடிவு வந்தபோது ஏராளமானவர்களுக்கு முடிவே நிறுத்திவைக்கப்பட்டது, தோல்வி அடைந்தவர்களும் ஏராளம். முகத்தைத் திருப்பினேன், வெளிச்சம் போனது, நெட் அறுந்தது, அதற்காக முறைகேடு என்கிறார்கள் என்று மாணவர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2021 மே மாதம் புதிய அரசு மறுதேர்வு அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். குரல் எழுப்பினார்கள், மந்திரி பதில் சொன்னார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்கும் பேரணாம்பட்டுப் பெண்ணுக்கு யார் மறுதேர்வு வாங்கித் தருவார்கள்? அவளுக்கு வருவது ஒரு மின்னஞ்சல். "உங்கள் தேர்வு ரத்து செய்யப்பட்டது." அதற்குப் பதில் எழுத வேண்டிய ஆங்கிலம்கூட அவளுக்குப் புதிது.

அப்படியானால் வீட்டுத் தேர்வே வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஒழித்தால் அடி வாங்கப் போவதும் நாங்கள்தான். பெரும்பாலான சர்வதேசத் தேர்வுகளுக்கு மையம் என்றால் எங்களுக்குச் சென்னை அல்லது பெங்களூர். ஆம்பூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டுமே தூரம்! பெண் பிள்ளை என்றால் துணைக்கு ஒருவர், அவருக்கு ஒருநாள் கூலி போகும்.

ஆனால் உலகம் மையத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஏசிசிஏ படிக்கும் என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து எழுதும் முறையை 2026 மார்ச் முதல் விதிவிலக்குகள் தவிர நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அந்த அமைப்பு அறிவித்தது. செயற்கை நுண்ணறிவை வைத்துக் காப்பி அடிக்கிறார்கள், தடுக்க முடியவில்லை என்பது காரணம். மற்றவர்களும் அதே வழியில் போகலாம். வீட்டில் எழுதினால் வீடு இல்லை, மையத்தில் எழுதினால் மையம் இல்லை. இரண்டு பக்கமும் எங்களுக்கு அடிதான், மத்தளம் மாதிரி.

எனவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு அறை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறையை இதற்காக ஒதுக்க வேண்டும். கதவு, மேஜை, நாற்காலி, ஒரு நல்ல கம்ப்யூட்டர், வயர் வழியாக வரும் நெட், இரண்டு மணி நேரம் தாங்கும் யுபிஎஸ், போன் நிறுத்த ஒரு ஸ்டாண்டு. வெளியே "தேர்வு நடக்கிறது, உள்ளே வராதீர்" என்று ஒரு போர்டு. வாசலில் ஒரு அட்டெண்டர். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஆண்டுவிழாப் பந்தல் செலவில் ஒரு பகுதி போதும். அந்தக் கல்லூரி மாணவர்தான் என்றில்லாமல், தாலுகாவில் யார் வந்தாலும் முன்பதிவு செய்து பயன்படுத்தவிட வேண்டும். முக்கியமாகப் பிளஸ் டூ பிள்ளைகளை.

இப்படிப்பட்ட அறையில் எழுதலாமா என்று தேர்வு நடத்துகிறவர்களிடம் கல்லூரியே ஒருமுறை எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பொது இடம், இண்டர்நெட் சென்டர் கூடாது என்பார்கள். ஆள் நடமாட்டமில்லாத தனியறை என்றால் பேசிப் பார்க்க இடம் உண்டு. ஒரு பதினெட்டு வயதுப் பெண் கேட்பதைவிட ஒரு கல்லூரி முதல்வர் லெட்டர்ஹெட்டில் கேட்டால் மரியாதை தனி. நாளைக்கு அதே அறையை முறையான தேர்வு மையமாக மாற்றவும் வழி பிறக்கலாம்.

இது நடக்காத காரியம் இல்லை. எங்கள் ஊர்களின் சரித்திரமே இதுதான். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919ல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் 1965ல் தொடங்கிய கல்லூரிக்கு வைத்திருப்பது அப்துல் ஹக்கீம் என்ற தோல் வியாபாரியின் பெயர். பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டுச் சம்பாதித்தவர்கள், நம் பிள்ளைகள் படிக்க இடமில்லையே என்று நினைத்து அன்றைக்குப் பெரிய பெரிய கட்டடங்களையே கட்டினார்கள். அந்தத் தொழிலுக்காக ஆறும் கிணறும் கெட்டுப்போனதை ஊரே தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அதே ஊர்க்காரர்களிடம் ஒரு அறையைக் கேட்பது அதிகமா?

அதுவரை நாம் செய்யக்கூடியவை

1. பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள். சில தேர்வுகள் வேறு அடையாள அட்டையையும் ஏற்கும், ஆனால் பாஸ்போர்ட் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

2. பெயர்ப் பிரச்சினையை முன்னாடியே தீர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயம். மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று இருந்தால் தேர்வு அன்று காலையில் தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசா விஷயத்தில் தடை போட்டது நினைவிருக்கலாம். அப்பா பெயரை விரித்து எழுதி, எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி வையுங்கள்.

3. உண்மைத் தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது முழு ஒத்திகை பாருங்கள். அதே அறை, அதே நேரம், அதே கம்ப்யூட்டர், பின்னால் போன். கேள்விகளை மட்டும் பயிற்சி செய்தால் போதாது.

4. வீட்டில் இடம் இல்லையென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். மாடி வீட்டு அத்தை, டியூஷன் சார், ஆடிட்டர் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி அமைதியான இடம் உலகத்தில் இல்லை, காமர்ஸ் ஸ்டூடண்ட் சொல்கிறேன், நம்புங்கள். :-)

5. ஏதாவது தடங்கல் வந்தால் உடனே நேரத்தோடு குறித்துக்கொண்டு, அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுநாள் பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பும் ஆதாரம்தான்.

வெளிநாட்டில் படிப்பது பெரிய விஷயம், உள்ளூரில் படிப்பது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. நானே உள்ளூரில்தான் பி.காம். படிக்கிறேன், சந்தோஷமாக. ஆனால் போக விரும்புகிற பிள்ளை தர்க்கத்திலோ கணக்கிலோ தோற்றால் அது நியாயம், அடுத்த மாதம் மறுபடி படித்து எழுதலாம். வீட்டில் ஒரு கதவு இல்லை என்பதற்காகத் தோற்றால் அதற்கு என்ன படிப்பது?

உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு அறை ஏற்கெனவே இருந்தால் சொல்லுங்கள், என் வகுப்புத் தோழியின் தங்கைக்கு வருகிற சீசனில் தேவைப்படும். இல்லையென்றால் உங்கள் முதல்வரிடம் ஒரு மனு கொடுங்கள். நானும் இந்த வாரம் எங்கள் கல்லூரியில் கொடுக்கிறேன். என்ன பதில் வருகிறது என்று அடுத்த பதிவில் எழுதுகிறேன்.